வலி போன வழி

நாராயணி ஆற்றுக்கு இந்தக் கரையில்
ஊசி போடத் தெரிந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.
லௌட்டன் மகதோ, மாட்டு டாக்டர் என்பார்கள்.
டாக்டர் எங்கே? ஆறு மாதப் பயிற்சி,
பெல் இல்லாத சைக்கிள்,
பெட்டி நிறைய டைக்ளோஃபெனாக்.

அந்தப் பேர் எங்கள் தாரு வாயில் நுழையவில்லை.
'எழுந்திரு மருந்து' என்றார்கள்.
படுத்த எருது எழுந்ததே, அதனால்.
கழுத்துச் சதையில் பதினைந்து மில்லி.
வீட்டார் எனக்கென்று தேநீர் கொதிக்கவைத்து
நான் அதை ஊதி ஊதிக் குடித்து முடிக்கையில்
வீங்கிய கால் மண்ணை லேசாகத் தொட்டுப் பார்க்கும்.
பிறகு ஊன்றும்.

என்ன செய்கிறது இது என்று கேட்பார்கள்.
வீக்கம் என்பது உடம்பு போடும் கூச்சல்,
இது அதன் வாயைப் பொத்துகிறது என்பேன்.
பயிற்சியில் அப்படிச் சொல்லித் தரவில்லை,
எனக்கே தோன்றியது.

சாகப்போகிற மாட்டுக்கும் போட்டேன்.
பிழைக்காது என்று தெரிந்தேதான்.
நோகாமல் போகட்டும் என்று அழுதார்கள்,
நானும் காசு வாங்கவில்லை.
அந்த மாடுகளைத்தான்
மறுநாள் மணல்திட்டுக்கு இழுத்துப் போனார்கள்.

பாறுகள் இறங்கும்.
ஓர் எருமையை அரை மணி நேரத்தில்
எலும்பாக்கிவிட்டுப் போகும்.
ஆற்றோரம் நாற்றம் என்று ஒன்று
இருக்கக்கூடும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு வருடம்
இலவ மரத்தில் அவை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன.
தூக்கம் என்று நினைத்தோம்.
பஞ்சு விழவேண்டிய மாதத்தில்
பறவை விழுந்தது.
இன்னொன்று.
வயலுக்குப் போகிற வழியில் மட்டும் பதினொன்று.

காட்மாண்டுவிலிருந்து வந்தவர்கள்
ஒன்றைக் கிழித்துக் காட்டினார்கள்.
ஈரலெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.
சிறுநீரகம் செத்துப்போச்சு, அதனால்தான் என்றார்கள்.
இந்தப் பக்கம் மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார்கள்.
நான் பெருமையாகப்
புட்டியை எடுத்துக் காட்டினேன்.

தடை வந்தது. கடைக்காரன் அட்டைப்பெட்டிகளைப்
பின்பக்கம் கொண்டுபோனான்.
மணல்திட்டில் நாய்கள் பெருகின.
நாற்றத்துக்குப் பழக
எங்களுக்கு மூன்று மழைக்காலம் ஆனது.

இப்போது எனக்கு வேறு வேலை.
கிழட்டு மாடுகளை வாங்கி, தீனி போட்டு,
ஊசி படாமல் பார்த்துக்கொள்கிற கொட்டகை.
வந்த மாட்டுக்கு ஏழு நாள் காவல்,
ரத்தத்தில் எதுவும் மிச்சமில்லாமல் வடியும்வரை.
அவை தாமாகச் செத்தால் பாறுகளுக்கு.

போன கார்த்திகையில் நடுராத்திரி
ஜக்னி கதவைத் தட்டினாள்.
எருது படுத்துவிட்டது, அந்தப் பழசைக் கொடு.
இல்லை என்றேன். மெலாக்சிகாம் இருக்கிறது, இரண்டு மடங்கு விலை.
'பறவைக்கு நோகக் கூடாது,
என் எருதுக்கு நோகலாமோ?'
எனக்கு வாயில் எதுவும் வரவில்லை.
பாதி விலை வாங்கிக்கொண்டு போட்டேன்.
எழுந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

வீடு திரும்பினேன். வலது முழங்கால்
பூசணிக்காய் மாதிரி.
ஆறிய சோற்றில் இரண்டு பிடி தின்றுவிட்டு
மாத்திரை ஒன்றைப் போட்டேன்.
ஐம்பது மில்லிகிராம், அதே பேர்.
மனிதனுக்குத் தடையில்லை.
சுவரைப் பார்த்தபடி காத்திருந்தேன்.
கூச்சல் அடங்கியது.
எங்கே போயிருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.
இத்தனை வருடம் எதற்குள்ளிருந்து எதற்குள்
நான் அதை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்?

விடிந்ததும் கணக்கெடுக்கப் போனேன்.
இலவ மரத்தில் முப்பத்தெட்டு.
தாழ்ந்த கிளையில் ஒன்று
கழுத்தை நீட்டி
என்னை மேலும் கீழும் பார்த்தது,
சந்தையில் வாங்குகிறவன் பார்ப்பதுபோல.

வேண்டாம், என்றேன் அதனிடம்.
இன்னும் ஏழு நாள்.

முழங்கால் வலிக்கவே இல்லை.
மரத்தைச் சுற்றி வந்து
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.